தலைவரின் வலதுகை

மறைந்த தலைவரின் சிலையில் அந்நிய வாடையே வரக்கூடாது என்று சிலை அமைப்புக் குழுத் தலைவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் சிற்பி எஸ்தர் மறைந்தவரை அவர் இருந்தபடியே வடித்தாள்: குள்ளமாக, லேசான கூனலோடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

“கம்பீரம் இல்லையேம்மா,” என்றார் குழுத் தலைவர். நெஞ்சை நிமிர்த்தச் சொன்னார். வலதுகையைத் தூக்கச் சொன்னார். மேல்துண்டை மடிப்பு மடிப்பாக முழங்கால்வரை வழியவிடச் சொன்னார்.

“ஐயா, இது அந்தக்கால ரோமாபுரி ராஜாவோட சிலையில்ல?”

“எந்த ரோமாபுரி? இது நம்ம மண்ணோட நிமிர்வு!”

அவர் சொன்னபடியெல்லாம் மறுபடி மறுபடி களிமண் பிசைந்து அலுத்துப்போன எஸ்தர், மறைந்த தலைவரின் மனைவி நாகரத்தினத்தை அழைத்துவந்தாள். கூட வாழ்ந்தவள் சொன்னாலாவது இவர் வாய் அடங்கும்.

நாகரத்தினம் சிலையைச் சுற்றிவந்தாள். பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “அவரேதான்,” என்றாள்.

குழுத் தலைவர் கைதட்டினார்.

எஸ்தருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. “நல்லாப் பாருங்கம்மா. ஐயா இப்படியா நிப்பாரு?”

நாகரத்தினம் கண்ணை மூடி நினைவுபடுத்திப் பார்த்தாள். முகத்தில் கலவரம் படர்ந்தது. எஸ்தரின் மண் அப்பிய கையைப் பிடித்துக்கொண்டு, மற்றவருக்குக் கேட்காமல் கேட்டாள்:

“பின்ன எப்படிம்மா நிப்பாரு?”