எம்.டி.க்குப் பிடிக்கல

"அழிச்சிட்டேன் மேடம். போதுங்களா?" பாஸ்கரன் செல்போனைத் திருப்பிக் காட்டினான். ஜூஜுவாடி எல்லையில் லாரி எரிந்த வீடியோ இருந்த இடத்தில் இப்போது தக்காளித் தொக்கு பாட்டில் மினுங்கிக்கொண்டிருந்தது.

விளம்பரம் கொண்டுவந்த ஜோதிமணி குனிந்து பார்த்துத் தலையாட்டினாள். "எம்.டி. கண்டிஷனா சொல்லிட்டாருங்கண்ணா. நெருப்பு பக்கத்துல எங்க சரக்கு நிக்கக் கூடாதாம்."

"அதுல யாருக்கும் ஒண்ணும் ஆவல மேடம். டிரைவர்கூட குதிச்சு ஓடிட்டான்."

"அப்படீங்களா?" என்றாள் அவள்.

அந்த வீடியோதான் பாஸ்கரனை ஆளாக்கியது. போன வருஷம் கர்நாடகாவோடு தண்ணீர்ப் பிரச்சினை கொதித்தபோது தன் 'எல்லைப்புலி' சேனலில், "ஒரு கே.ஏ. நம்பர் வண்டியும் உள்ள வரக் கூடாது!" என்று லைவில் கத்தினான். அதைக் கேட்டு ஒரு கூட்டம் திரண்டது, ஒரு லாரி எரிந்தது, ஓசூரில் அவனைத் தெரியாத ஆளே இல்லாமல் போயிற்று.

ஒரு கட்சியின் மாவட்டச் செயலாளரே வீடு தேடி வந்தார். "இந்தக் கூட்டத்த அப்படியே வெச்சுக்க. கவுன்சிலர் சீட் உனக்குத்தான்" என்றார். இத்தனைக்கும் பாஸ்கரனின் புல்லட்டே எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் வாங்கிய பழைய கே.ஏ. வண்டி. லைவ் போடும்போது அதைச் சந்துக்குள் தள்ளி நிறுத்திவிடுவான்.

சீட் கிடைத்தால் மட்டும் போதுமா, செலவுக்கு? அந்த நேரத்தில்தான் தொக்குக் கம்பெனி வந்தது. தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும்போது ஓட்டையைப் பற்றி யார் விசாரிப்பார்கள்?

அடுத்த வாரம் ஜோதிமணி மறுபடியும் வந்தாள். "'அந்தப் பக்கத்துக்காரன்'னு சொல்றீங்களே, எங்க சரக்கு ரெண்டு பக்கமும் போவுதுண்ணா. எம்.டி.க்குப் பிடிக்கல."

அந்த வார்த்தை போயிற்று. பிறகு மீசையை முறுக்குவது போயிற்று, மேசையைக் குத்துவது போயிற்று. வெளியூர் ஆட்களுக்கே வேலை கொடுக்கும் தொழிற்சாலைகளைப் பற்றி அவன் ஆரம்பித்த தொடர் இரண்டாம் நாளே நின்றது. கடைசியில் எம்.டி. அரசியலே வேண்டாம் என்றுவிட்டார்.

"அப்ப நான் என்னத்த மேடம் பேசறது?"

"குடும்பத்தோட உக்காந்து பார்க்கற மாதிரி எதாவது. ரோஜாச் செடிக்கு எப்படி உரம் போடறது, அந்த மாதிரி."

எல்லைப்புலி ரோஜாச் செடிக்கு உரம் போட்டது.

"ஏங்க, இந்தத் தொக்கு எந்தக் கடையிலயும் இல்லியே?" என்றாள் அவன் மனைவி ருக்மணி. "மார்க்கெட்டு பூரா கேட்டுட்டேன். 'உங்க வீட்டுக்காரரு வாயிலதான் பார்த்திருக்கோம்'னு சிரிக்கறானுங்க."

"புதுக் கம்பெனி. மொதல்ல விளம்பரம், அப்புறந்தான் சரக்கு. உனக்கு வியாபாரம் தெரியாது, கம்முனு இரு."

சேனலைப் பார்ப்பவர்கள் உதிர ஆரம்பித்தார்கள். 'புலி தொக்கு நக்குது' என்று எவனோ எழுதிய கமெண்ட்டுக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் லைக் விழுந்தது.

"பார்க்கற ஜனம் குறைஞ்சுபோச்சு மேடம். எம்.டி. கோவிச்சுக்க மாட்டாரா?"

"அவரு ஒருநாளும் எத்தன பேர் பார்க்கறாங்கன்னு கேட்டதில்லீங்கண்ணா. ஆனா உங்க வீடியோ ஒண்ணு விடமாட்டாரு. படுத்துக்கிட்டே முழுசாப் பார்த்துடுவாரு."

வேட்பாளர் பட்டியல் வந்தபோது பாஸ்கரனின் வார்டு வேறொருவனுக்குப் போயிருந்தது. மாவட்டச் செயலாளர் ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். "கூட்டமில்லாத புலிக்கு எதுக்குப்பா சீட்டு?"

அன்று சாயங்காலமே ஜோதிமணி வந்தாள். "இனிமே விளம்பரம் இல்லீங்கண்ணா."

சீட்டும் இல்லை, கூட்டமும் இல்லை, மிஞ்சியது இந்த ஒன்றுதான். "நான் எம்.டி.ய நேர்ல பார்க்கணும் மேடம்."

"அவரும் உங்களப் பார்க்கணும்னுதான் வந்திருக்காரு. கீழ வண்டியில இருக்காரு."

சட்டைப் பொத்தானைப் போட்டபடி படியிறங்கி ஓடினான். வாசலில் பெரிய கார் எதுவும் இல்லை. கே.ஏ. நம்பர் போட்ட பழைய வேன் ஒன்று நின்றது. உள்ளே ஒருவன் கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டுக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"வணக்கங்கண்ணா. திம்மப்பன், பாகலூர்." கும்பிடக் கையைத் தூக்கினான். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், தோல் மெழுகாக உருகி இறுகியிருந்தது.

பாஸ்கரன் பார்வையை வேறுபக்கம் திருப்பிக்கொண்டான். "சார், ஒரே ஒரு மாசம் குடுங்க. பழைய கூட்டத்தைக் கொண்டாந்துடறேன். உங்க தொக்கு கர்நாடகா வரைக்கும்..."

"தொக்கு என் பொண்டாட்டி எங்க வீட்டு அடுப்புல கிண்டினதுண்ணா. நீங்க வீடியோவுல காட்டற அளவுக்கு மட்டும்."

ஜோதிமணி ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். நழுவியிருந்த துண்டை இழுத்து, அவன் கழுத்துத் தழும்பு மறையும்படி போட்டுவிட்டு வேனைக் கிளப்பினாள்.

"அப்ப... கம்பெனி? இத்தன மாசமா எனக்குக் குடுத்த பணம்?" பாஸ்கரன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

திம்மப்பன் நிதானமாகச் சொன்னான்.

"என் லாரி எரிஞ்சதுக்கு வந்த இன்சூரன்ஸ் காசுண்ணா."