மேட்டுக் கோபுரம்

“சிமெண்ட் ஒரு கரண்டிகூடச் சேர்க்கலையே?” என்று மூன்றாவது முறையாகக் கேட்டாள் ஹெஸ்டர்.

“என் பொண்டாட்டி மேல சத்தியம்மா. முழுக்க சுண்ணாம்புச் சாந்துதான்,” என்றார் கொத்தனார் ஜெத்ரோ. “நீங்க கொஞ்சம் உட்காருங்க. உங்க பதட்டம் எனக்கும் தொத்திக்குது.”

ஹெஸ்டருக்கு உட்காரத் தோன்றவில்லை. ஆஷ்கோம்ப் மாளிகையை அவளுடைய அப்பா ஓர் அறக்கட்டளைக்கு எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். கட்டியபோது இருந்தபடியே காப்பாற்றும்வரை மகள் அதில் குடியிருக்கலாம். தவறினால் வெளியேற வேண்டும். குளிருக்குப் பயந்து அவள் போட்ட பிளாஸ்டிக் ஜன்னலைப் போன ஆய்வில் பார்த்துவிட்ட அறக்கட்டளை ஆய்வாளர் பிரிட்சர்ட், “இன்னொரு தடவை இப்படிச் செஞ்சா பெட்டியைக் கட்ட வேண்டியதுதான், மேடம்” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஐம்பத்தாறு வயதில் பிறந்த வீட்டை விட்டு எங்கே போவது?

இந்த முறை அவள் எதிலும் குறை வைக்கவில்லை. அதோடு நிற்காமல், எதிர் மேட்டில் பாதி இடிந்து நின்ற கோபுரத்தையும் முழுசாக எடுத்துக் கட்டியிருந்தாள். 1640-களில் நடந்த இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் பீரங்கிக் குண்டு பட்டு இடிந்ததாம் அது. தாத்தா ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும், குண்டு விழும்போது பக்கத்தில் நின்றவர் மாதிரி சொல்வார். எந்த ஆய்விலும் யாரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அவர்கள் குறை சொல்வதற்குள் நாமே செய்துவிடுவோமே என்று யாரிடமும் சொல்லாமல் செய்த வேலை.

பிரிட்சர்ட் பத்து மணிக்கு வந்தார். கல் சட்டம் போட்ட ஜன்னல்களைத் தடவிப் பார்த்தார். ஏணியில் ஏறி, விளிம்பில் பெரிதும் உச்சியில் சிறிதுமாக அடுக்கிய கூரைக் கற்களை எண்ணாத குறையாகப் பார்த்தார். புகைபோக்கிகள்கூடத் தப்பவில்லை.

“என்ன மேடம், குறை சொல்ல எதையுமே விட்டு வைக்கலையே!” என்று சிரித்தார்.

ஹெஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வரவேற்பறையில் தேநீர் கொடுத்துவிட்டு, “இதையும் பாருங்க” என்று திரையை விலக்கினாள். புல்வெளிக்கு அப்பால், வெயிலில் தேன் நிறத்தில் கோபுரம் நிமிர்ந்து நின்றது.

பிரிட்சர்ட் கோப்பையைக் கீழே வைத்தார். தோள்பையை மாட்டிக்கொண்டு மேட்டை நோக்கி நடந்தார். ஹெஸ்டரும் ஜெத்ரோவும் பின்னாலேயே ஓடினார்கள்.

“கல் எங்கேருந்து?”

“அதே பழைய குவாரி சார்,” என்றார் ஜெத்ரோ. “எட்டு மாச வேலை.”

“பிரமாதம். எது பழசு, எது புதுசுன்னே தெரியல.”

“அப்போ நான் இங்கேயே இருக்கலாமா?” என்று கேட்டாள் ஹெஸ்டர்.

“ஆறு மாசம் டைம் தரேன். முன்னாடி இருந்தபடி இடிச்சு வெச்சுட்டீங்கன்னா, தாராளமா இருக்கலாம்.”

“இடிக்கறதா!” ஜெத்ரோ தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

“என்ன சார் விளையாடறீங்க? கட்டினப்போ இருந்த மாதிரியே இருக்கணும்னு சொன்னது நீங்கதானே?” என்றாள் ஹெஸ்டர்.

“இப்பவும் அதைத்தான் சொல்றேன், மேடம்.” பிரிட்சர்ட் பையிலிருந்து ஒரு பழைய வரைபடத்தின் நகலை எடுத்து அவள் முன் விரித்தார். “1764. உங்க வீட்டைக் கட்டினவர் கம்பளி வித்துத் திடீர்னு பணக்காரரானவர். வர்ற விருந்தாளிங்க, நானூறு வருஷமா இங்கேயே வாழ்ற பரம்பரைன்னு நினைக்கணுமாம். வீட்டோட சேர்த்து இதையும் கட்டச் சொன்னார்.”

ஹெஸ்டர் குனிந்து பார்த்தாள். எந்தக் கல் இருக்கக் கூடாது, சுவர் எத்தனை அடியில் உடைந்து நிற்க வேண்டும், பாசி படிய எங்கே மோரைப் பூச வேண்டும் என்பதுவரை அளவு போட்டு எழுதியிருந்தது. கட்டி முடித்த அன்றே அது இடிந்த கோபுரம்.