கொசுறுக் குளியல்

அரை மணி நேரம் ஆற அமர நடந்தால் அருவி. மேலே தொட்டியில் தேக்கிய தண்ணீரை மதகு திறந்து விடுவார்கள்; சீட்டுக்குப் பத்து நிமிடம்தான் விழும். ஜவுளிக்கடைத் தங்கபெருமாளுக்கோ எதை வாங்கினாலும் கொசுறு வேண்டும்.

“இன்னும் அஞ்சு நிமிஷம் விடும்மா, குறைஞ்சா போயிரும்?”

“குளிங்க அண்ணாச்சி” என்று மதகைத் திறந்துவிட்டாள், காவலுக்கிருந்த மாரித்தாய்.

ஆசைதீரக் குளித்துவிட்டு, தன் சாமர்த்தியத்தை மெச்சியபடி அவளோடு பேசிக்கொண்டே இறங்கினார். பாதையோரம் அவள் வீட்டுக் குழாயடியில் மகள் வெறுங்குடத்தோடு நின்றாள்.

“எம்மா, இன்னிக்கு நம்ம வீட்டுப் பங்குத் தண்ணி வரலியே?”

“அண்ணாச்சி வாய்விட்டுக் கேட்டாருல்லா, தொட்டியில நம்ம பங்க அவருக்குத் தொறந்து குடுத்துட்டேன்.”

“அப்ப குடிக்க?”

தங்கபெருமாள் தோளில் கிடந்த ஈரத்துண்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அது சருகில் டொப்பென்று சொட்டியது.

சத்தம் கேட்ட சிறுமி ஆவலோடு குழாயைப் பார்த்தாள்.