தனக்குத்தானே வேலைநீக்கம்

“அக்கா, சிரிக்காம கேளுங்க. என்னை நானே வேலையை விட்டுத் தூக்கிட்டேன்!”

ஆபீஸ் வாசலில் நின்றபடி அவன் போனில் சொன்னதும், உள்ளே இருந்த டீம் லீடர் அக்கா சிரித்துவிட்டாள்.

“என்னடா உளர்றே?”

“மேனேஜர் கேட்டார்னு பைத்தான்ல ஒரு புரோகிராம் எழுதினேனே, பேரைக் கொடுத்தா வேலைநீக்கம் பண்ணுமே, அதுதான். மெயில் போறது, கார்டு செல்லாம போறதுன்னு அதுக்குப் பக்கவிளைவு ஜாஸ்தி. நேத்து டெஸ்ட் பண்ணும்போது அடுத்தவங்க பேரைப் போட மனசு வரல, என் பேரையே போட்டேன். இப்போ மெயில் வந்து நிக்குது. கார்டைக் காட்டினா கதவு திறக்க மாட்டேங்குது!”

“மாக் வைக்கலையா?”

டெஸ்ட் ஓடும்போது நிஜ மெயில் போய்த் தொலையக் கூடாதே என்று, புரோகிராமில் அதை அனுப்பும் பகுதியின் இடத்தில் உட்காரவைக்கிற டம்மிதான் மாக். கூப்பிட்டால் ‘அனுப்பியாச்சு’ என்று தலையாட்டும், ஒன்றையும் அனுப்பாது.

“வச்சேன். இடம் மாத்தி வச்சிருப்பேன். டம்மி ஒரு ஃபைல்ல தேமேன்னு உட்கார்ந்திருக்கும், அசல் இன்னொரு ஃபைல்லேர்ந்து ஓடியிருக்கும். என் லட்சணம் உங்களுக்குத் தெரியாதா?”

அக்காவுக்கென்ன, ஆபீஸுக்கே தெரியும். லிஃப்ட் நின்றுபோனால்கூட, “இன்னைக்கு நீ எதைத் தொட்டே?” என்று அவனைத்தான் கேட்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். இன்று அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. மனைவி நிறைமாதம். இந்தக் கூத்து மேனேஜர் காதுக்குப் போனால் நிஜமாகவே வேலை போய்விடும்.

“அக்கா, அவர் வர்றதுக்குள்ள அந்த டெஸ்டைப் பார்த்துச் சரி பண்ணிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

“மாக் சரியான இடத்துலதான் இருக்கு.”

“நல்லாப் பாருங்கக்கா! நான் எழுதினது சரியா இருக்க வாய்ப்பே இல்ல.”

“டெஸ்ட்லேர்ந்து ஒரு மெயிலும் வெளியே போகலடா.”

“அப்போ எனக்கு வந்தது?”

அக்கா மறுபடி கீபோர்டைத் தட்டி, புரோகிராம் ஓடிய பதிவுகளைத் திறந்து பார்த்தாள்.

“உன் புரோகிராம்ல ஒரு தப்பும் இல்லடா தம்பி. நேத்து சாயங்காலம் மேனேஜர் அதை முதல் தடவையா நிஜமா ஓட்டியிருக்கார்.”