பறவை வெளுத்தவன்

பாண்டித்துரை கடற்காக்கையை மட்டாஞ்சேரிப் படகு ஜெட்டியின் கடைசிப் படிக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டான்.

அப்படி ஒரு வெள்ளை.

காலையில் மீன்காரர் ஒருவர் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தபோது அதைப் பறவை என்றே சொல்ல முடியாது. எண்ணெய்க் கப்பல் கடலில் உடைந்ததிலிருந்து கரையில் ஒதுங்குவதெல்லாம் அப்படித்தான், தார் உருண்டைக்குக் கண் வைத்தது போல.

கறை என்றால் பாண்டித்துரை என்பது ஊரறிந்த சங்கதி. முப்பது வருஷமாகத் தோபிகானாவில் ஓட்டல் விரிப்புகளை வெளுக்கிறவன். மீன்குழம்பு, ரத்தம், மருதாணி, எதுவும் அவன் கைக்குத் தப்பியதில்லை. போயும் போயும் ஒரு பறவையிடமா தோற்றுப்போவான்?

வெந்நீரில் சோப்பும் சோடாவும் கலக்கி இறகு இறகாகக் கசக்கினான். அது கொத்திய இடத்தில் ரத்தம் வந்தும் விடவில்லை. கொடிக்கு அடியில் வெயிலில் காயவைத்தான். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனிதன். அது கழுத்தைத் தூக்கி அவனைப் பார்த்ததும் பிழைத்துவிட்டது என்றே முடிவுகட்டினான்.

மிருகாஸ்பத்திரியில் வேலை பார்க்கும் அம்பிளி, கையை ஆட்டிக்கொண்டு ஜெட்டிக்கு ஓடிவந்தாள். கையில் கைப்பேசி இருந்தது. வீடியோ எடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்து, தலையைக் கோதிவிட்டுக்கொண்டு அவன் படியிலேயே நின்றான்.

கடற்காக்கை இரண்டு முழம் நீந்தியது.

வால் நனைந்தது. பிறகு முதுகு. ஊறிய துணி அமிழ்வது போலக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கழுத்து மட்டும் வெளியே நின்றது.

அவன் குதித்து எட்டுவதற்குள் கழுத்தும் இல்லை. இரண்டு கையாலும் துழாவினான். வெறும் தண்ணீர்தான் அகப்பட்டது.

அம்பிளி மூச்சு வாங்கப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பறவைக்குன்னு சொந்தமா ஒரு எண்ணெ உண்டு சேட்டா. தண்ணி ஏறாம அதுதான் காக்கும். நீங்க சோப்பு போட்டு அதையும் சேத்து எடுத்துட்டீங்க."

இடுப்பளவுத் தண்ணீரில் பாண்டித்துரை அசையாமல் நின்றான்.

மூன்று நாளில் இதே படியிலிருந்து அவன் விட்டவை இருபத்தாறு. இதற்கு முன் ஒன்றையாவது நின்று பார்த்ததில்லை. தண்ணீரில் வைத்த கையோடு, அடுத்ததை வெளுக்க ஓடிவிடுவான்.