வடக்கு ஏரியில் யாரும் இல்லை

ஏரித் தலைவர் தேர்தலில் நின்ற நாரை, கருவேல மரத்தில் ஏறி முழங்கியது: "அனுமதி இல்லாம இங்கே கூடு கட்டியிருக்கிற நாற்பது பறவைகளும் வடக்கு ஏரிக்காரங்க! நான் ஜெயிச்சா அத்தனை கூட்டையும் பிச்சு எறிவேன்!"

மீன்கொத்திக்கு மனசு கேட்கவில்லை. கூடு கூடாகப் போய் விசாரித்தது. முப்பத்தெட்டுப் பறவைகள் தெற்கே, நாரையின் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தன. மீதி இரண்டும் கிழக்கிலிருந்து. சந்தேகம் தீர வடக்கு ஏரிக்கும் பறந்து பார்த்தது. அது வற்றிப் பத்து வருஷம் ஆகியிருந்தது.

இறக்கை வலிக்கத் திரும்பி வந்து கூட்டத்தில் சொன்னது: "நாரையாரே, வடக்கேயிருந்து யாருமே வரலை. முக்கால்வாசிக்கு மேல உங்க மாமியார் ஊர்க்காரங்கதான். வடக்கு ஏரியில இப்போ ஒரு பறவைகூடக் கிடையாது. என் கண்ணால பார்த்தேன்."

நாரை துள்ளிக் குதித்தது. "கேட்டீங்களா! அங்கே ஒருத்தரும் இல்லையாம். அப்போ எல்லாரும் எங்கே? இங்கேதானே!"

கூட்டம் இறக்கை தட்டி ஆர்ப்பரித்தது. "ஐயோ, நான் சொன்னது அது இல்லை!" என்று மீன்கொத்தி கத்தியது யார் காதிலும் விழவில்லை.

நாரை ஜெயித்தது. மறுநாள் கூடுகளைப் பிய்க்கக் கிளம்பிய கூட்டம் வழியெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனது: "நாங்க சும்மா வரலை. மீன்கொத்தியே நேர்ல போய்ப் பார்த்து உறுதி செஞ்சிருக்கு."