காணாமல் போன சிபியு

கடைக்குப் போய்விட்டுத் திரும்பிய வினிதா அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். மேஜை மேல் மானிட்டர் மட்டும் இருந்தது. கீழே சிபியுவைக் காணோம். வயர்கள் தரையில் கிடந்தன.

"அத்தே! கம்ப்யூட்டர் பொட்டி எங்கீங்க?"

அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமியார் மருதம்மாள் நிமிரவே இல்லை.

"நாந்தான் ஆட்டோவுல ஏத்தி அனுப்பிப்போட்டேன்."

வினிதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எங்கே அனுப்புனீங்க?"

"வரும் போ. மொதல்ல சோத்தைத் தின்னு."

வீட்டிலிருந்தபடியே ஓர் ஏற்றுமதி கம்பெனிக்குக் குழந்தைகள் டீ-சர்ட்டுக்குக் கம்ப்யூட்டரில் துணி வெட்டும் பேட்டர்ன் போட்டுத் தருகிறாள் வினிதா. நாளை மதியத்துக்குள் எல்லா அளவும் போய்ச் சேர்ந்துவிட்டால் நிரந்தர வேலை என்று சொல்லியிருந்தார்கள். முக்கால்வாசி முடித்தது அந்தப் பொட்டிக்குள்தான் இருக்கிறது.

அதுவும் இரண்டு மாதமாக அது படுத்தும் பாடு! ஒரு ஃபைல் திறப்பதற்குள் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்துவிடலாம். கண்ணெரிய உட்கார்ந்து செய்த வேலை.

"நான் பேரெடுக்கறது உங்களுக்குப் பொறுக்கலீங்களா அத்தே? எப்பப் பாரு பொட்டி முன்னாலயே உக்காந்துக்கறான்னு சடைஞ்சீங்க. இப்ப அதையே இல்லாமப் பண்ணீட்டீங்க. நீங்களும் ஒரு பொம்பளைதானுங்களா?"

மருதம்மாள் உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயமாக இருக்கும்.

வினிதா கணவனுக்குப் போன் போட்டாள். பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசரான வேல்குமார் முதல் ரிங்கிலேயே எடுத்தான்.

"அம்மா அப்படியா பண்ணுச்சு? நான் வந்து ரெண்டு சத்தம் போடறேன். நீ அழாத கண்ணு. ஒடம்பைக் கெடுத்துக்கிட்டு இந்த வேலை எதுக்கு? முடியலைன்னு சொல்லிப்போடு. நான் இருக்கேன்ல?"

அவன் குரலைக் கேட்டதும் இன்னும் அழுகை வந்தது. ஆனால் விட மனசில்லை. தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்தாள்.

"பஸ் ஸ்டாப்புக்கிட்ட முனீஸ் கடையில எறக்குனேனுங்க."

செகண்ட் ஹாண்ட் கம்ப்யூட்டர் வாங்கி விற்பவன் முனீஸ். அப்படியானால் அத்தை விற்றேவிட்டாளா? வினிதா ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

கடையில் அவளுடைய சிபியு திறந்து கிடந்தது.

"அண்ணா, அதுல கையை வைக்காதீங்க! அது என்னோடது!"

"ஒக்காருங்கக்கா, முடிஞ்சிருச்சு. இந்தா பாருங்க" என்று ஸ்விட்சைத் தட்டினான் முனீஸ்.

தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் திரை வந்துவிட்டது. அவள் பேட்டர்ன் ஃபைல் தொட்டதும் திறந்தது. ஒன்றும் அழியவில்லை.

"ஒங்க அத்தைதான் காலையில கடை தொறக்கறதுக்குள்ள வந்து நின்னாங்க. 'எம் மருமவ கண்ணு அவிஞ்சு போகுது சாமி, வேகமா ஓட என்னென்ன வேணுமோ போடு'ன்னாங்க. அப்புறம் பொட்டியை ஆட்டோவுல அனுப்பி வெச்சாங்க."

வினிதா அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். என்ன பேச்சுப் பேசிவிட்டோம்!

"எல்லாம் புதுசுங்களாண்ணா?"

"எஸ்எஸ்டி டிஸ்க் மட்டுந்தான் புதுசுக்கா, பழைய டிஸ்க்குல இருந்த ஃபைலெல்லாம் அதுல ஏத்திட்டேன். ரேம் ஒங்களோடதுதான், ரெண்டுல பெரிய எட்டு ஜிபி. வேல்குமாரண்ணன் பீரோவுல துணிக்கு அடியில கெடந்துச்சாம். அத்தை எடுத்தாந்து, இது என்னதுன்னு கேட்டாங்க. அது இல்லாமத்தான் இத்தனை நாளா பொட்டி தெணறியிருக்கு."

"என்னோட ரேம் அவரு பீரோவுக்கு எப்படீங்கண்ணா போச்சு?"

முனீஸ் அவளை வியப்பாகப் பார்த்தான்.

"ஒங்களுக்குத் தெரியாதாக்கா? நீங்க வேலையை விடப் போறீங்க, இனிமே இது தேவையில்லைன்னு சொல்லி, ரெண்டு மாசத்துக்கு முந்தி அண்ணன்தானே சர்வீஸுக்குக் கொண்டாந்து, என்னையக் கழட்டித் தரச் சொன்னாரு?"